நரம்பு ஒளிருமா? முதுகு ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி – பிப்ரவரி 8, மாலை (திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி)

"அக்கா, அண்ணனுக்கு எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கி இடது கால் முழுக்க இழுக்குது. லாரி ஓட்டுறவர். அடுத்த மாசம் ஆபரேஷன்னு தேதி கொடுத்துட்டாங்க. ஊசி போட்டா நரம்பு மட்டும் பளிச்சுன்னு எரியும், டாக்டர் கத்தி தப்பிக்கூட அதுல படாதுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். மதுரையில அது எங்க இருக்கு? அது இல்லாத இடத்துல பண்ணிக்கிட்டா தப்பாயிடுமா?"

பிப்ரவரி 8, இரவு 10.15

எங்கே இருக்கிறது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் அம்மா கதை. 2017இல் அம்மாவுக்கும் இதே எல்4-எல்5, கீழ்முதுகில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு. வில்லாபுரத்தில் வாசலில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு முப்பது வருடம் குனிந்தே இருந்த முதுகு. ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் "வலி போயிருச்சுடி" என்றார். பாதம் தொங்கிவிட்டது. இன்றைக்கும் செருப்புக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டித்தான் நடக்கிறார். வீட்டுக்குள் பட்டை போட மாட்டார். நிலைப்படியில் கட்டைவிரல் இடிக்கிற சத்தம் கேட்டால் நடு ராத்திரியிலும் நான் எழுந்துவிடுவேன்.

வீடியோவில் வருகிற அந்தச் சாயம் அன்றைக்கு இருந்திருந்தால் அம்மாவின் கால் போயிருக்காது. அது ஒன்றும் புதுச் சாயமும் இல்லை, ஃப்ளோரசீன்தான். கண் ஆஸ்பத்திரி ஆஞ்சியோ அறையில் 14 வருடமாக என் கையால் போடுகிற ஊசி. கண்ணுக்குக் கிடைக்கிறது ஏன் முதுகுக்குக் கிடைக்கக் கூடாது? எட்டு வருடமாக எனக்குள் இருக்கிற கோபம் இது.

பிப்ரவரி 9, காலை 6.30

ராத்திரி கோபத்தில் எழுதினேன். இப்போது நிதானமாக, அந்தச் சாயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மதுரைப் பக்கம் சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிற வீட்டில் இது பலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஊர் இது. கண்ணில் ஊசி, கண்ணில் லேசர், மஞ்சள் மருந்து என்பதெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு.

ஆரஞ்சு நிறத்தில் 20 சதவீதக் கரைசல், 3 மில்லி. முழங்கை மடிப்பில் நரம்பு பார்த்து (நாம் நரம்பு என்று சொல்கிற அந்த ரத்தக்குழாயைத்தான்) ஊசி ஏற்றுவோம். வெளியே கசிந்தால் கை தீயாக எரியும், அதனால் முதலில் உப்புநீர் செலுத்திப் பார்த்த பிறகே மருந்து. பத்துப் பதினைந்து விநாடிக்குள் விழித்திரைக்கு வந்துவிடும். நீல வெளிச்சம் அடித்தால் பச்சையாகத் திருப்பி உமிழும். கேமராவில் இருக்கிற வடிகட்டி நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும். முதலில் ஒரு தமனி, அப்புறம் கிளை கிளையாக, அப்புறம் சிரைகள். கறுப்புத் திரையில் மரம் ஒன்று வேரிலிருந்து நுனி வரை முளைக்கிற மாதிரி இருக்கும். 14 வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

சிலருக்குக் குமட்டும். எல்லோருக்கும் தோல் மஞ்சளாகும். சிறுநீர் ஒரு நாள் போல மஞ்சளாகப் போகும். சொல்லி அனுப்பாவிட்டால் மறுநாள் காலையில் மஞ்சள்காமாலை என்று பதறிக்கொண்டு போன் வரும்.

பிப்ரவரி 9, இரவு 11 மணி

நேற்று ராத்திரி எழுதியதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. சாயங்காலம் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரிக்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்: "விழித்திரையிலயும் நரம்பு நார் இருக்கே, உன் ஆஞ்சியோவுல அது என்னைக்காவது எரிஞ்சு பாத்திருக்கியா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. எரிவது ரத்தக்குழாய்தான். ஃப்ளோரசீன் ரத்தத்தோடு ஓடுகிறது, ஓட்டை இருக்கிற இடத்தில் கசிகிறது, அவ்வளவுதான். நல்ல நரம்புக்குள் அது போகாது. மூளைக்கு இருக்கிற மாதிரியே நரம்புக்கும் ரத்தத்திலிருந்து ஒரு தடுப்பு உண்டு. நரம்புறையில் வளர்கிற கட்டியை எடுக்கும்போது சில அறுவை மருத்துவர்கள் ஃப்ளோரசீன் போடுகிறார்கள். கட்டி பச்சையாக எரியும், பக்கத்தில் இருக்கிற நல்ல நரம்பு எரியாமல் கிடக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். "முடிச்சுப் போட்ட இடம் மாதிரிதானே?" ஆமாம். நூலை இறுக்கிக் கட்டிச் சாயத் தொட்டியில் முக்கினால் கட்டுக்குள் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. நல்ல நரம்பு அந்த வெள்ளைப் புள்ளி. கட்டி எடுக்க அது போதும். ஜவ்வு எடுக்கிற இடத்தில் கட்டி இல்லையே.

அதனால் தம்பி, "ஃப்ளோரசீன்தான்" என்று நான் அடித்துச் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிப்ரவரி 12, இரவு

மூன்று நாளாகப் படித்தேன். முழுத் தவறும் இல்லை, பாதித் தவறு.

2008இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் ரோஜர் சியென். ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்துக்காகக் கிடைத்த பரிசு அது. அவரும் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் குவென் நுயென்னும் கலிபோர்னியாவில் சேர்ந்து வேலை செய்தார்கள். முகம், கழுத்து ஆபரேஷனில் நரம்பு தெரியாமல் அறுபடுவதைப் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம். நரம்பைப் போர்த்தியிருக்கிற திசுவில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு குட்டிப் புரதத் துண்டைத் தேடி எடுத்து, அதன் வாலில் ஒளிரும் சாயத்தைக் கட்டினார்கள். 2011இல் எலிகளில் காட்டினார்கள். வெறும் கண்ணுக்குத் திசுவோடு திசுவாகத் தெரிந்த நரம்பு, கோடு கோடாக எரிந்தது.

அந்த வழியில் வந்து இப்போது மனிதர்களில் சோதிக்கப்படுகிற மருந்துக்குப் பெயர் பெவோனெசீன். அதில் விளக்காக இருப்பது ஃப்ளோரசீன் குடும்பத்துச் சாயமேதான்! நான் தினமும் போடுகிற அதே விளக்கு, நரம்பின் விலாசம் எழுதின வால் ஒன்றோடு. பட்டுக்கு ஏறுகிற சாயம் பருத்திக்கு அப்படியே ஏறாது, பருத்திக்கு ஏதாவது பிடிப்பு கொடுக்க வேண்டும் என்று சாயப்பட்டறையில் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நரம்புக்கு அந்தப் பிடிப்பு இந்த வால்.

இன்னொரு வழியும் உண்டு. ஆரெகனில் சம்மர் கிப்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, ஆக்சசீன் என்ற சாயக் குடும்பத்திலிருந்து நரம்பில் சேர்கிற மூலக்கூறுகளை உண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிர வைக்கப் பார்க்கிறது. அதைக் காண கேமரா வேண்டும்.

சோதனை என்பதைக் கவனியுங்கள். நாளைக்குப் போய்க் கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துப் போடுகிற மருந்து இல்லை. முதலில் மனிதர்களில் பார்ப்பதும் தலை, கழுத்து ஆபரேஷன்களில்.

பிப்ரவரி 13

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஃப்ளோரசீனை 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் உண்டாக்கினார். ஆறே வருடத்தில், 1877இல், ஜெர்மனியில் டான்யூப் ஆறு சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் காணாமல் போகிற இடத்தில் 10 கிலோவைக் கொட்டினார்கள். இரண்டரை நாள் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆக் என்கிற ஊற்று பச்சையாகப் பொங்கியது. தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே மனிதர்கள் இந்தச் சாயத்திடம் கேட்டதும் "கண்ணுக்குத் தெரியாத பாதையைக் காட்டு" என்பதைத்தான். வைகைப் பாலத்தில் வண்டியில் போகும்போது கீழே மணலைப் பார்த்து அதை நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு மதியம்

தம்பி மறுபடி கேட்கிறார்: "மருந்து வந்துட்டா எல்லா ஆபரேஷனும் சேஃப்தானே அக்கா?"

என் அறையில் பார்க்கிறதை வைத்துப் பதில் சொல்கிறேன். கண் என்பது ஜன்னல். கருவிழி கண்ணாடி, லென்ஸ் கண்ணாடி, உள்ளே இருக்கிற திரவமும் கண்ணாடி. அதனால்தான் வெளியிலிருந்து விளக்கு அடித்து உள்ளே பார்க்க முடிகிறது. விழித்திரைக்கு முன்னால் ஒரு துளி ரத்தம் கசிந்து நின்றால் போதும், அதற்குப் பின்னால் எல்லாம் மை பூசின மாதிரி கறுப்பு. எத்தனை மில்லி சாயம் ஏற்றினாலும் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது.

முதுகுக்கு ஜன்னல் கிடையாது. தோல், கொழுப்பு, தசை, எலும்பு. எலும்பைக் கொஞ்சம் கொரித்து எடுத்த பிறகு மஞ்சள் தசைநார் என்று ஒரு தடித்த பட்டை, அதற்கும் உள்ளே கொழுப்பு, அதற்குள் காலுக்குப் போகிற நரம்பின் வேர். நீல வெளிச்சம் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே பெரிய பாடு. அகச்சிவப்பு சில மில்லிமீட்டர் போகும். இரண்டுமே எலும்பைத் தாண்டி எட்டிப் பார்க்காது. ரத்தம் தேங்கினால் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த மஞ்சள் தசைநாரில் பெரும்பகுதி எலாஸ்டின் என்கிற ரப்பர் மாதிரியான நார், மிச்சம் கொலாஜன் என்கிற நார். சாயமே இல்லாமல் நீல வெளிச்சத்தில் எலாஸ்டினும் கொலாஜனும் தானாகவே கொஞ்சம் ஒளிரும். எரிகிறதெல்லாம் நரம்பு என்று கையை வைத்துவிட முடியாது.

எனவே சாயம் காட்டுவது மேல்பரப்பில் வந்துவிட்ட நரம்பை. ஆழத்தில் ஒளிந்திருப்பதை இல்லை.

பிப்ரவரி 20, இரவு 1 மணி

அம்மாவின் ஃபைலை எடுத்தேன். எட்டு வருடமாகப் பீரோவின் மேல்தட்டில், பச்சைத் துணிப்பையில் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் அன்றைக்குப் படித்தேன், மற்ற தாள்களைக் கோபத்தில் பிரிக்கவே இல்லை. இன்றைக்குத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் குறிப்பு ஒன்றரைப் பக்கம். மைக்ராஸ்கோப் வைத்துச் செய்திருக்கிறார்கள். மஞ்சள் தசைநார் எடுத்தது, எல்5 வேர் தெரிந்தது, வேர் வீங்கிச் சிவந்து ஜவ்வுத் துண்டின் மேல் இறுக்கமாக விரைத்துக் கிடந்தது, வேரை உள்பக்கம் விலக்கிப் பிடித்து ஜவ்வுத் துண்டை எடுத்தது, நரம்புகளைச் சுற்றியிருக்கிற உறை கிழியவில்லை. எல்லாம் வரிசையாக இருக்கிறது.

"வேர் தெரிந்தது." அந்த வரியில் அரை மணி நேரம் நின்றேன். நரம்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேஷன் முழுக்கக் கண்ணெதிரேதான் இருந்தது. வெட்டுப்படவும் இல்லை. என்ன சாயம் போட்டிருந்தாலும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் பச்சையாகக் காட்டியிருக்கும்.

முதுகெலும்புக் கால்வாய்க்குள் இருக்கிற நரம்பு வேருக்கு, கை கால் நரம்புக்கு இருக்கிற அந்தத் தடித்த வெளிப்போர்வை இல்லை. இழுத்தால் தாங்காது. ஏற்கெனவே வீங்கிய வேரை விலக்கிப் பிடித்த நேரம் அதற்கு அதிகமாகியிருக்கலாம். அந்த அழுத்தத்தைச் சாயம் காட்டாது.

இன்னொரு தாளும் இருந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் பிசியோதெரபிஸ்ட் எழுதியது. கட்டைவிரல் தூக்கும் பலம் ஐந்துக்கு மூன்று. பாதம் தூக்கும் பலம் ஐந்துக்கு மூன்று. அதாவது உள்ளே போகும்போதே கால் பாதி போயிருந்தது. வெளியே வந்தபோது ஒன்று.

அதற்கு முன்னால் ஐந்து மாதம் என்ன செய்தோம்? எண்ணெய் போட்டு உருவினோம், பத்துப் போட்டோம், "ஆபரேஷன் பண்ணினா படுத்த படுக்கைதான்" என்று தெருவே சொன்னதை நம்பினோம். செருப்பு காலிலிருந்து தானாகக் கழன்று விழுகிறது என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பழைய செருப்பு, புதுசு வாங்கிக்கலாம்மா" என்றேன். வாங்கியும் கொடுத்தேன்.

பிப்ரவரி 20, காலை

முதல் நாள் எழுதிய "அந்தச் சாயம் இருந்திருந்தால் அம்மாவின் கால் போயிருக்காது" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, நான் அப்படி நம்பினேன் என்பது அங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 24

தம்பிக்கு, நேரடியாக.

நீங்கள் பார்த்த வீடியோ பொய் இல்லை. ஆனால் அதைத் தேடி அண்ணனின் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். முதன்முறையாகச் செய்கிற சாதாரண ஜவ்வு ஆபரேஷனில் வேர் எங்கே இருக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பும் நல்ல வெளிச்சமும் திறந்த இடத்தில் ரத்தம் தேங்காமல் இருப்பதும் அங்கே பெரிய காவல்.

இவற்றைக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் கட்டைவிரல் பலம், பாதத்தின் பலம் எத்தனை என்று எழுதி வைக்கிறார்களா? வேரை விலக்கிப் பிடிக்கும்போது நடுநடுவே தளர்த்திவிடுவார்களா? நரம்பு கண்காணிப்புக் கருவி இவருக்குத் தேவையா? அந்தக் கருவியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. காலில் ஊசி மின்முனைகள் செருகியிருக்கும். வேர் சீண்டப்பட்டால் தசை துடிக்கும், திரையில் அலை எழும், ஸ்பீக்கரில் சரசரவென்று கேட்கும். அது வேலை செய்ய வேண்டுமென்றால் மயக்க மருத்துவர் தசையைத் தளர்த்தும் மருந்தைக் குறைத்துப் பிடிக்க வேண்டும். எல்லா ஜவ்வு ஆபரேஷனுக்கும் போட மாட்டார்கள், செலவும் கூடும். ஆனால் சாயம் நரம்பு இருக்கிற இடத்தைக் காட்டும், இந்தக் கருவி நரம்பு வலிக்கிறது என்று கத்தும். இரண்டும் வேறு வேறு வேலை.

அண்ணனுக்குத் தேதிக்கு முன்பே பாதம் தொங்க ஆரம்பித்தால், உட்காரும் இடம் மரத்தால், சிறுநீர் வரமாட்டேன் என்றாலோ தெரியாமல் போனாலோ, தேதி வரட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த ராத்திரியே கிளம்புங்கள். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும்.

செருப்பு கழன்று விழுகிறதா என்றும் பாருங்கள்.

மார்ச் 2

"அப்போ சாயம் வீண் வேலையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எனக்குக் கோபம் தணிந்த பிறகுதான் அது எங்கே உதவும் என்றே தெளிவாகத் தெரிகிறது.

ஒன்று, இரண்டாவது முறை திறக்கிற முதுகு. முதல் ஆபரேஷனின் தழும்பு வேரோடு ஒட்டி வெள்ளையாகக் கிடக்கும். எது தழும்பு, எது நரம்பு என்று நல்ல கைக்கே தயக்கம் வரும்.

இன்னொன்று, விலாப்பக்கமாகப் போகிற ஆபரேஷன். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளை இணைக்க சோவாஸ் என்ற பெரிய தசையைப் பிளந்து போவார்கள். தொடைக்குப் போகிற நரம்புப் பின்னல் அந்தத் தசைக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே வேரைப் போல எதிர்பார்த்த இடத்தில் இருக்காது, ஆளுக்கு ஆள் மாறும். இன்றைக்கு மின்தூண்டலை நம்பித்தான் வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கோடு பச்சையாக எரிந்தால் எவ்வளவு நிம்மதி!

கழுத்துக்கு முன்பக்கமாகப் போகிறதும் உண்டு. குரல்வளைக்குப் போகிற நரம்பு நூல் கணக்காக மூச்சுக்குழாய் ஓரமாக ஏறும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குக் கழுத்து எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் குரல் கம்மியே இருந்தது. பூ விற்கிறவர். கூவ முடியாமல், தட்டைத் தட்டித் தட்டி விற்றார்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் புரத வால் ஒட்டிக்கொள்வது நரம்பின் போர்வையில். அதனால் வெட்டுப்பட்டு நலிந்துபோன முக நரம்பைக்கூட எலியில் அது ஒளிர்த்துக் காட்டியது. அறுபட்டதைத் தேடித் தைக்க வேண்டியவருக்கு இது வரம். ஆனால் ஆபரேஷன் முடிவில் "பளிச்சென்று எரிகிறது, அதனால் நன்றாக இருக்கிறது" என்று நினைத்தால் தவறாகிவிடும். அம்மாவின் எல்5 வேர் அன்றைக்கு அழகாக எரிந்திருக்கும்.

மார்ச் 3

அம்மாவிடம் தாள்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு விஷயத்தையும். முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் செருப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த டாக்டரைப் பற்றி எட்டு வருடமாக நான் பேசிய பேச்சுகள் பல பேர் காதில் விழுந்திருக்கின்றன. அவர்களில் யாராவது இதைப் படித்தால் பிப்ரவரி 20ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 15, மாலை 6.20

தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். காலை எட்டுக்கு உள்ளே போய்ப் பதினொன்றுக்கு வெளியே வந்தார்களாம். சாயமும் இல்லை, கண்காணிப்புக் கருவியும் இல்லை, மைக்ராஸ்கோப் இருந்தது. விலக்கிப் பிடிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் கோபப்படவில்லையாம். "யார் சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டாராம். "ஒரு அக்கா" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வலி இருக்கா, எத்தனை தையல், எத்தனை செலவு, எதையும் கேட்கவில்லை.

"விரலைத் தூக்கினானா?"

போன் போட்டுக் கேட்டேன். தூக்கினாராம். நர்சம்மா கை வைத்து அமுக்கியும் இறங்கவில்லையாம்.